மேல்படியில் நின்றவள்

போன வாரம் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போன அண்ணன், காலையில் அதே கதவைச் சத்தமே இல்லாமல் திறந்துகொண்டு வந்தார். குளித்தார், சட்டை மாட்டினார், மேசை மேல் ஒரு தாளை வைத்தார், கீழே கம்பெனிக்கு இறங்கிப் போனார். இந்தக் குடும்பத்தில் பேச வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாய் ஓயாமல் பேசுவார்கள் என்பது இத்தனை வாரம் கூடவே வந்த உங்களுக்குத் தெரியாததா?

இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இவர்கள் அலுமினிய ஏணி செய்கிறவர்கள். கம்பெனியை நடத்துவது அண்ணன். வாடிக்கையாளர்களின் போனை எடுப்பது அண்ணி. கடை கடையாகப் போய், ஏணியை விரித்து, தானே ஏறி நின்று பேசி விற்றுக் கொடுப்பது தங்கை. கடைவீதியில் அவளுக்கு ஏணியக்கா என்று பெயர். காதோரம் நரைத்த பிறகும் அண்ணனுக்கு மட்டும் அவள் பாப்பா.

தரையில் நின்றுகொண்டு ஏணியைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஏறி நின்றுதான் வாயைத் திறப்பாள். ‘நான் ஏறாததை உங்களை ஏறச் சொல்ல மாட்டேன்’ என்றுதான் எந்தக் கடையிலும் ஆரம்பிப்பாள். அந்த வாயால்தான் இந்த வீட்டு அடுப்பு எரிகிறது என்று அண்ணனே பத்துப் பேர் நடுவில் சொல்லியிருக்கிறார்.

அந்த வாய்க்குத்தான் இப்போது சோதனை. பார்லர் நடத்தும் ஓர் அம்மா, கடையில் பல்பு மாற்ற இவர்களுடைய ஐந்துபடி ஏணியில் ஏறி, விழுந்து, வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கத்தரிக்கோல் பிடிக்கிற கை. கடையில் இருந்த கேமராவில் பதிவான அந்தச் சில நொடிகள், சத்தமில்லாத படம், போன் போனாகப் பரவிவிட்டது. இன்று பதினோரு மணிக்குப் பத்திரிகைக்காரர்கள் ஷோரூமுக்கு வருகிறார்கள். கம்பெனி சார்பில் ஏணியக்கா பேச வேண்டும். என்ன பேச வேண்டும் என்பதுதான் மேசை மேல் இருந்த தாள்.

‘எங்கள் ஏணியில் எந்தக் குறையும் இல்லை. எச்சரிக்கையை மீறி மேல்படியில் நின்றதே சம்பவத்துக்குக் காரணம். சம்பந்தப்பட்டவருக்கு எங்கள் அனுதாபங்கள்.’

ஏணியக்கா நின்றபடியே படித்தாள். பிறகு அதன் மேல் டீ டம்ளரை வைத்தாள். வட்டமாக ஒரு கறை விழுந்தது. அந்தத் தாளுக்கு அது போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

ஷோரூமில் அவளுக்காக ஒருவர் காத்திருந்தார். அண்ணன் ஏற்பாடு செய்த ஆலோசகர். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார் என்பதால் பேக்கிங் ஆட்கள் அவருக்குக் கோட்டுசார் என்று பெயர் வைத்து மூன்று நாளாகிறது.

“உக்காருங்க மேடம். சுருக்கமா சொல்லிடறேன். அவங்க என்ன கேட்டாலும் நம்ம பதில் தாள்ல இருக்கறதுதான். கேட்டதுக்குப் பதில் சொல்லாதீங்க. நாம சொல்ல வேண்டியதுக்குப் பாலம் போடுங்க.”

“பாலமா?”

“‘நல்ல கேள்வி, ஆனா அதைவிட முக்கியம் என்னன்னா’ன்னு ஆரம்பிச்சு நம்ம பக்கம் வந்துடணும்.”

“கடையில ஒருத்தங்க வந்து, இது எவ்வளவு எடை தாங்கும்னு கேக்கறாங்க. அதைவிட முக்கியம் என்னன்னானு நான் ஆரம்பிச்சா, பையை எடுத்துக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பாங்க.”

“இது கடை இல்ல மேடம்.”

“நான் எங்க நின்னு பேசினாலும் எனக்குக் கடைதான்.”

கோட்டுசார் பொறுமைசாலி. பொறுமைக்குத்தானே அவருக்குச் சம்பளம். “‘விழுந்தாங்க’ன்னு சொல்லாதீங்க, ‘சம்பவம்’னு சொல்லுங்க. ‘மன்னிப்பு’ங்கற வார்த்தை வாயிலயே வரக் கூடாது. அது வந்துட்டா நாளைக்கு வக்கீல் அதையே பிடிச்சுக்குவார்.”

ஏணியக்கா சுற்றிலும் பார்த்தாள். வெள்ளைத் துணி போர்த்திய மேசை, மூன்று நாற்காலி, மைக், பூச்சாடி. எதையோ காணவில்லை என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

“ஏணியெல்லாம் எங்க?”

“குடோனுக்கு அனுப்பியாச்சு. போட்டோவுல ஏணி வரக் கூடாது.”

“ஏணிக் கம்பெனியில ஏணி இல்லாம பேசறதா? மாப்பிள்ளை இல்லாம கல்யாணம் பண்ற மாதிரி இருக்கே.”

கோட்டுசார் சிரிக்கவில்லை. அவள் எழுந்து போன் அறைக்குப் போனாள்.

அண்ணி காதில் ஹெட்போனும் கையில் பாதி தின்ற பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருந்தார். எதிர்முனையில் யாரோ கத்திக்கொண்டிருந்தது வெளியே கேட்டது. அண்ணி கத்தலை முழுக்கக் கேட்டு, “குறிச்சுக்கிட்டேன் சார், நீங்க சாப்பிட்டுட்டுத் தெம்பா மறுபடி கூப்பிடுங்க” என்று வைத்தார். அண்ணியின் கிண்டல் கிண்டல் என்று கேட்கிறவருக்குத் தெரியாது. அதனால்தான் இந்த வேலையில் இத்தனை வருஷம் தாக்குப்பிடிக்கிறார்.

“அந்தப் படத்தை நீ முழுசா பாத்தியா?” என்று கேட்டார்.

“எல்லாரும் அனுப்பினாங்க. விழறதைப் பாக்க மனசு வரல அண்ணி.”

“எல்லாரும் அனுப்பறது வெட்டின துண்டு. விழற இடத்துலதான் ஆரம்பிக்கும். பார்லர்லேர்ந்து எனக்கு முழுசா அனுப்பியிருந்தாங்க. கதவைச் சாத்திட்டு வா.”

அண்ணியின் போனில் படம் ஓடியது. பார்லரம்மா நாலாவது படி வரை ஏறுகிறார். பல்பை அண்ணாந்து பார்க்கிறார். இன்னொரு படி ஏறி மேல்படியில் நிற்கிறார். நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்கள் பக்கம் திரும்புகிறார். இடது கையை இடுப்பில் வைத்து, வலது கையைத் தூக்கி, காற்றிலிருந்து எதையோ மூன்று தடவை பறிக்கிறார். வாய் மூன்று தடவை அசைகிறது. கடைசியில் தலையை ஓர் ஆட்டு ஆட்டுகிறார். அந்தப் பெண்கள் குலுங்கிச் சிரிக்கிறார்கள். பிறகு பல்புக்குக் கையை நீட்டுகிறார்.

அதற்கு மேல் அண்ணி படத்தை ஓட விடவில்லை.

ஏணியக்கா இன்னொரு தடவை போடச் சொன்னாள். பாதியில்தான் கவனித்தாள், அவளுடைய இடது கை அவளுடைய இடுப்பில் இருந்தது.

“அண்ணி, இது நான்.”

“ம்.”

“ஏறுங்க, எட்டுங்க, எடுங்க. வாயைப் பாருங்க. விளம்பரத்துல நான் பேசற வசனம்தான் சொல்றாங்க. என் தலையாட்டல்கூட அப்படியே இருக்கு.”

“எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுது. உங்கண்ணன்கிட்ட சொன்னேன். சத்தமில்லாத படம், யாருக்குத் தெரியப் போவுதுன்னார்.”

அந்த விளம்பரப் படப்பிடிப்பை மறந்திருக்க மாட்டீர்கள். நாலாவது படியில் நின்றவளைப் பார்த்து இயக்குநர் ‘உயரம் பத்தல மேடம், மேல ஏறுங்க’ என்றதும், மேல்படியில் யாரும் நிற்கக் கூடாது என்று இவள் சண்டை போட்டதும், ‘ஒரு நிமிஷம்தானே பாப்பா, கீழ ரெண்டு பேர் பிடிச்சுக்கறாங்க’ என்று அண்ணன் சமாதானம் செய்ததும் சில வாரங்களுக்கு முன் வந்தவை. பிடித்துக்கொண்ட இரண்டு பேரும் படத்தில் வரவில்லை. மேல்படியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சிவப்பு எச்சரிக்கை ஸ்டிக்கர் கண்ணை உறுத்துகிறது என்று இயக்குநர் சொன்னபோது, அதை நகத்தால் உரித்தெடுத்தது சாட்சாத் அண்ணன்தான்.

அண்ணன் பேக்கிங் கூடத்தில் நின்றிருந்தார். அவரைச் சுற்றிக் கடைகளிலிருந்து திரும்பி வந்த ஏணிகள் பிரிக்கப்படாமல் சாய்ந்திருந்தன. ஒவ்வோர் அட்டைப்பெட்டியிலும் ஏணியக்காவின் சிரிப்பு.

“தாளைப் படிச்சியா பாப்பா?”

“படிச்சேன். வாசிக்க மாட்டேன்.”

அண்ணன் பேக்கிங் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் தாமாகவே வெளியே போனார்கள்.

“இங்க பாரு. இன்னும் ஒரு மாசம் இப்படியே பெட்டி திரும்பி வந்தா இந்தக் கூடத்தைப் பூட்டணும். இப்ப வெளிய போனாங்களே, அவங்க வீட்டுக்கெல்லாம் நீ போய்ப் பதில் சொல்லுவியா? நான் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?”

அவர் பொய் சொல்லவில்லை. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஏணியக்காவுக்கு ஒரு நொடி பாவமாகக்கூட இருந்தது.

“அந்தம்மா எச்சரிக்கையை மீறினாங்கன்னு சொல்லச் சொல்றே. அவங்க எதையும் மீறல அண்ணே. நான் காட்டினதைச் செஞ்சாங்க. நான் நல்லாப் பேசறேன், அதனாலதான் விக்குதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவியே. நான் நல்லாப் பேசினதாலதான் அவங்க விழுந்தாங்க.”

“சட்டப்படி நம்ம மேல தப்பில்ல. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு.”

“நீ நகத்தால உரிச்சியே, அந்த ஸ்டிக்கரா?”

அண்ணனுக்கு முகம் கறுத்தது. பக்கத்திலிருந்த பெட்டியின் டேப்பைக் கொஞ்ச நேரம் அழுத்தி அழுத்தி ஒட்டினார்.

“வாசிச்சா வாசி. இல்லன்னா இன்னையோட நீ இந்தக் கம்பெனிக்காகப் பேச வேண்டாம். வேற முகம் எனக்குக் கிடைக்கும்.”

“அப்ப இன்னைக்குப் பேசலாம்ல?” என்று கேட்டுவிட்டு அவள் குடோன் பக்கம் நடந்தாள்.

பதினோரு மணிக்கு ஷோரூம் நிரம்பியிருந்தது. கோட்டுசார் நாற்காலியை இழுத்துப் போட்டுக் காத்திருந்தார். ஏணியக்கா சட்டைக்கு மேல் மாட்டிய கம்பெனியின் பச்சை ஜாக்கெட்டும் தோளில் ஏணியுமாக உள்ளே வந்தாள். அவள் கடைகளுக்குத் தூக்கிப் போகும் அவளுடைய சொந்த ஐந்துபடி ஏணி. பூச்சாடியை நகர்த்தச் சொல்லி, மேசைக்கு முன்னால் அதை விரித்தாள். கொக்கி டக்கென்று விழுந்தது. கேமராக்கள் நிமிர்ந்தன.

ஒருத்தர் ஏறினால் ஒருத்தர் பிடிக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். அவள் முதல் படியில் கால் வைத்தபோது பிடிக்க யாருமில்லை. அண்ணன் கடைசி வரிசைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து, கழுத்தில் தொங்கும் ஹெட்போனோடு அண்ணி எழுந்து வந்தார். எதுவும் சொல்லாமல் ஏணியின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டார். அண்ணன் கட்டியிருந்த கை அவிழ்ந்ததை ஏணியக்கா மேலிருந்து பார்த்தாள்.

கையில் மைக்கோடு நாலாவது படியில் நின்றாள்.

“வணக்கம். இதுக்கு மேல ஒரு படி இருக்கு. அதுல யாரும் நிக்கக் கூடாது. ஆனா விளம்பரத்துல நான் நின்னேன். கீழ ரெண்டு பேர் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க, அதை உங்களுக்குக் காட்டல. பார்லர்ல விழுந்தாங்களே அந்தம்மா, அவங்க...”

மைக் செத்துப்போனது. கோட்டுசார் சுவரோரம் ஸ்விட்ச் பக்கத்தில் நின்றிருந்தார்.

ஏணியக்கா மைக்கை அண்ணி கையில் கொடுத்தாள். “பரவாயில்ல. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல நின்னு பேசி வித்தவ நான். எனக்கு மைக் வேண்டாம். கடைசி வரிசைக்குக் கேக்குதா?”

“கேக்குது” என்றார்கள் கடைசி வரிசைக்காரர்கள்.

“அவங்க எச்சரிக்கையை மீறல. எங்களை நம்பினாங்க. நான் எப்படிக் கையை நீட்டினேனோ அப்படியே நீட்டினாங்க. அந்த விளம்பரத்தை இன்னைக்கே நிறுத்தணும். வீட்டுல இந்த ஏணி இருந்தா மேல்படியில ஏறாதீங்க.”

கண்ணாடி போட்ட ஒரு பெண் நிருபர் கையைத் தூக்கினார். “அப்போ தப்பு கம்பெனி மேலயா?”

கோட்டுசார் இரண்டு கையையும் தூக்கிக் காற்றில் பாலம் போட்டுக் காட்டினார்.

“ஆமா” என்றாள் ஏணியக்கா. “காட்டின விதம் தப்பு. ஆனா ஏணி நல்ல ஏணி. அதுக்கு நான் பொறுப்பு. நான் இதுல ஏறாத நாளில்ல. அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கறேன். இந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க. அதனால இன்னொரு தடவை சொல்றேன். மன்னிச்சுக்குங்க.”

கூட்டம் கலைந்த பிறகு அண்ணன் வந்தார். கத்துவார் என்று அவள் தயாராக இருந்தாள். அவர் கத்தவில்லை. அதுதான் வலித்தது.

“கம்பெனி ஜாக்கெட்டைக் கழட்டி வச்சுட்டுப் போ.”

கழற்றினாள். மடித்து மேசை மேல் வைத்தாள்.

“ஏறின ஏணியையே எட்டி உதைச்சுட்டியே பாப்பா.”

“உதைக்கல அண்ணே. தோள்ல தூக்கிக்கிட்டுப் போறேன். இது என் ஏணி.”

அண்ணி ஹெட்போனைக் கழற்றி ஜாக்கெட்டின் மேல் வைத்தார். “நான் மத்தியானம் லீவு” என்றார் கணவரிடம். மனுஷன் யாரைத் தடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

பார்லர் இரண்டு தெரு தள்ளி இருந்தது. அரை ஷட்டர் இறங்கியிருந்தது. கையில் மாவுக்கட்டோடு பார்லரம்மா குனிந்து எட்டிப் பார்த்தார்.

“பேட்டியெல்லாம் குடுக்கறதில்ல.”

“பேட்டிக்கு வரல. அந்தப் பல்பை யாராவது மாத்தினாங்களா?”

“யாரு மாத்துவா? அந்த ஏணியைக் கண்டாலே எல்லாருக்கும் நடுங்குது.” அப்புறம்தான் அவர் ஏணியக்காவின் முகத்தைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். “நீங்களா? இப்பத்தான் போன்ல பாத்தேன். ரெண்டு தடவை மன்னிப்புக் கேட்டீங்க. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு யாருக்கு?”

“கேக்கக் கூடாதுன்னவங்களுக்கு.”

பார்லரம்மா சிரிக்கவில்லை. ஆனால் நல்ல கையால் ஷட்டரை மேலே தள்ளினார்.

உள்ளே மூன்று கண்ணாடிகளில் நடுக்கண்ணாடி மட்டும் இருட்டாக இருந்தது. அதன் மேல் கூரையில் அந்தப் பல்பு. சாதாரணக் கூரை, எல்லா வீட்டிலும் இருக்கிற உயரம். ஏணியக்கா ஏணியை விரித்துக் கொக்கியைத் தட்டிப் பார்த்தாள். அண்ணி பிடித்துக்கொண்டார். புதுப் பல்பை ஏணியக்கா சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறினாள்.

நாலாவது படியில் நின்று கையை நீட்டினாள்.

விரல் நுனிக்கும் பல்புக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.

குதிகாலைத் தூக்கினாள். அரைச் சாண். ஏணியை நகர்த்தி, மறுபடி ஏறி, தோள்பட்டை வலிக்க நீட்டினாள். அதே அரைச் சாண்.

எத்தனை கடை வாசலில் ஏறியிருப்பாள். தலைக்கு மேல் எங்கும் வெறும் வெளிதான். ஏறினாள், பேசினாள், காற்றிலிருந்து மூன்று தடவை பறித்தாள், இறங்கினாள். இந்த ஏணியில் நின்று உண்மையில் எதையாவது எடுக்க வேண்டிய அவசியம் அவளுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. ‘உயரம் பத்தல மேடம்’ என்று இயக்குநர் சொன்னது படத்துக்கான உயரத்தை என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

“எட்டல” என்றாள்.

“எனக்கும் எட்டல” என்றார் பார்லரம்மா கீழேயிருந்து. “உங்கள மாதிரி நடிச்சுக் காட்டினது ஆசைக்கு. மேல்படிக்கு ஏறினது ஆசைக்கு இல்ல. கூரை வரைக்கும் எட்டும்னு பெட்டியில போட்டிருந்துச்சு. உங்க போட்டோவுக்குப் பக்கத்துலதான்.”

ஏணியக்காவுக்குக் காது சுட்டது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இதே படியில் நின்றுகொண்டுதான் அவ்வளவு கேமராவைப் பார்த்து ‘ஏணி நல்ல ஏணி, அதுக்கு நான் பொறுப்பு’ என்று சொல்லியிருந்தாள்.

“அண்ணி, அண்ணனுக்குப் போன் போடுங்க.”

“இன்னைக்கு வேண்டாம்டா. பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்.”

“கம்பெனிக்காகப் பேசக் கூடாதுன்னுதானே சொன்னார். கம்பெனிகிட்டப் பேசலாம்ல. போடுங்க.”

அண்ணி ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு போனை மேலே நீட்டினார். மணி இரண்டு தடவை அடிப்பதற்குள் அண்ணன் எடுத்துவிட்டார். காத்திருந்திருக்கிறார்.

“என்ன பாப்பா?”

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நம்ம வீட்டுக் கூடத்துல பல்பு போனா யார் மாத்துவா?”

“நான்தான். இப்ப எதுக்கு அது?”

“நம்ம அஞ்சுபடி ஏணியிலதானே? எந்தப் படியில நின்னு?”

கீழே ஏணியைப் பிடித்திருந்த அண்ணியின் விரல்கள் இறுகின. வீட்டில் அவர் ஏறும்போதெல்லாம் கீழே பிடித்துக்கொண்டு நின்றது இந்தக் கைதான். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

“எந்தப் படியில அண்ணே?”

“மேல்படியில” என்றார் அண்ணன்.

ஏணியக்கா பல்பைப் பார்த்தாள். பார்லரம்மாவின் மாவுக்கட்டைப் பார்த்தாள்.

“அளக்கற டேப்பை எடுத்துக்கிட்டுப் பார்லருக்கு வா. அளந்து பாத்துட்டு, தப்பு யார் மேலன்னு கேட்ட அந்த நிருபர்கிட்ட நாலாவது படியிலேர்ந்து எட்டாதுன்னு நீயே சொல்லு. நீ வர்ற வரைக்கும் நான் எறங்க மாட்டேன்.”